காரின் கூரைக்குள் மரம்

சிங்கப்பூரின் செம்பவாங்கில் கடற்படைத் தளத்தின் பெரிய உலர்துறை 1938-இல் திறக்கப்பட்டபோது சாலைகளில் ஓடிய பழைய கார்கள் பலவற்றின் கூரைக்குள் மரம் இருந்தது ஏன்? அகலமான எஃகுத் தகட்டை ஒரே துண்டாக அழுத்தி வளைக்கும் முறை அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை பரவாததால், கூரையின் நடுவே இடைவெளி விடப்பட்டு, அதில் மரச்சட்டங்கள் பொருத்தப்பட்டு, கம்பிவலையும் பஞ்சும் பரப்பப்பட்டு, நீர்புகாத துணியால் மூடப்பட்டது. 1935-ஆம் ஆண்டுக் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது.

சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் அத்துணியில் சிறு விரிசல் விழுந்தாலே சட்டம் உளுத்துவிடும் என்பதால், அக்கார்களைப் புதுப்பிப்போர் உளுத்த சட்டத்தை, அது தூளாகும் நிலையில் இருந்தாலும், எறியாமல் மாதிரியாக வைத்துப் புதியதைச் செதுக்கி, கதவுகள் சரியாக மூடுகின்றனவா என்று பார்த்த பின்னரே திருகாணிகளை முழுதாக இறுக்குவர்.