சுழல் யந்திரக் கலைக்கு முதல் நூல்

நம் கல்லூரியிற் பயிலும் திருப்பூர்ப் பக்கத்து மாணவர் சிலர், சுழல் யந்திரங்களைக் கற்பதற்கு முதலில் எந்நூலை வாங்குவது என்று நம்மை வினவினர். விலை மிகுந்த நூல்களாதலின் வினா அற்பமானதன்று. நாமும் மாணவராயிருந்தபோது, பிறர் புகழக் கேட்டு, விமான எஞ்சினைப் பற்றிய பெரும் புத்தகமொன்றை வாங்கி, இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டாமற் கைவிட்டோம். அது நெடுநாள் தலையணையாய் உதவிற்று.

சுழல் யந்திரமாவது, இறக்கைகள் பொருந்திய சக்கரமொன்று, தன்னூடே இடைவிடாது பாயும் நீருக்கோ காற்றுக்கோ சக்தியைக் கொடுப்பது, அல்லது அதனிடமிருந்து பெறுவது. சாயப்பட்டறைப் பம்பும், நூற்பாலையில் ஈரக்காற்றைச் செலுத்தும் விசிறியும் கொடுப்பன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிற் சுழலும் பல்லடம், உடுமலைப்பேட்டைக் காற்றாலைகளும், 1930-களிற் கோயம்புத்தூர் ஆலைகளுக்கு மின்சாரம் ஊட்டிய நீலகிரிப் பைக்காரா நீர்ச்சக்கரங்களும் பெறுவன. உருவத்தால் வேறாயினும் இவற்றுக்கு விதி ஒன்றே. இறக்கையின் வேகத்தையும், அது சுழலும் திசையில் நீருக்குள்ள வேகத்தையும் பெருக்குக. புகுமிடத்துக்கும் வெளிப்படுமிடத்துக்கும் அப்பெருக்கத்தில் உள்ள வித்தியாசமே, ஒவ்வொரு கிலோகிராம் நீரும் கைமாற்றும் சக்தியாம். இது 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்டது.

ஆகவே இவ்விதியும், அதை வரைந்து காட்டும் வேக முக்கோணமும் தொடக்கத்திலேயே வந்து, யந்திரமனைத்தும் அவற்றினின்று விரிகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். யந்திரந்தோறும் வெவ்வேறு சூத்திரத்தை மனனம் செய்விக்கும் நூல் பரீட்சைக்கு உதவலாம். பம்பு சரியாய் இறைக்காதபோது உதவாது.

பைக்காராவையே உரைகல்லாகக் கொள்வோம். 1932-இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தில் நீர் 900 மீட்டருக்கு மேல் இறங்கிப் பெல்ட்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதிற்று. உராய்வை விலக்கி, இறக்கத்தை 900 மீட்டரெனவே கொண்டால், நீர்த்தாரையின் வேகம் வினாடிக்குச் சுமார் 133 மீட்டர். கிண்ணம் அதிற் பாதி வேகத்தில் ஓடும்போதே சக்தி மிகுதியாய்க் கிட்டும். ஏன் பாதி? நூலின் முற்பகுதியைப் படித்தவன் முக்கோணம் வரைந்து தானே விடை காண்பானாயின், அந்நூல் நல்லது.

எஸ். எல். டிக்ஸன் 1966-இல் வெளியிட்ட நூல் சுருக்கமும் திட்பமும் வாய்ந்தது. நீர்ச்சக்கரமும் காற்றாலையும் பிற்பதிப்புகளிற் சேர்ந்தன. ஆயின் வெப்ப இயக்கவியலில் முன்னரே பயிற்சியுள்ளவனுக்கே அது வசப்படும். டில்லி ஐ.ஐ.டி.யில் ஆசிரியராயிருந்த எஸ். எம். யாஹ்யாவின் நூலோ விசிறிகளையும் விரிவாய்க் கூறி, கணக்குகளைச் செய்து காட்டிச் செல்வது. ஆலைகளினிடையே வளர்ந்த மாணவனுக்கு யாஹ்யா முதலாவது, டிக்ஸன் இரண்டாவது என்பது நம் கருத்து. பழைய பதிப்பை மலிவாய் வாங்கினும் குற்றமில்லை. அதில் நீர்ச்சக்கரம் இல்லாவிடினும், முக்கோணம் இருந்தாற் பைக்காராக் கணக்கு நடக்கும்.