மெலிவிக்கும் குளிகைகள்

உடல் நிறையைக் குறைப்பதாகக் கூறி, வைத்தியரின் மருந்துச் சீட்டின்றியே விற்கப்படும் குளிகைகளின் வரலாறு ஒரு வெடிமருந்துச் சாலையில் தொடங்குகின்றது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். முதலாம் உலகப் போரின்போது பிரான்சு தேசத்தில் வெடிபொருள் செய்வதற்கு இருநைத்திரோபீனோல் என்னும் மஞ்சள் நிறப் பொருள் பயன்பட்டது. அதனைக் கையாண்ட தொழிலாளர் ஓயாது வியர்த்தனர். காய்ச்சல் கண்டு மெலிந்தனர். சிலர் மாண்டும் போயினர்.

மாண்டவர்களை மறந்து மெலிந்தவர்களை மட்டும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது போலும். 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த மோரிஸ் ரெயின்ரர், வின்சர் கற்றிங் என்போர் இப்பொருள் பருத்தவர்களின் நிறையைக் குறைக்கின்றது என அறிவித்தனர். சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு மேல் அதனை உட்கொண்டனர்.

அது தொழிற்படும் முறை கவனிக்கத்தக்கது. உண்ட உணவு உடலின் கலங்களில் எரிகின்றது. அவ்வாறு பிறக்கும் சக்தியைக் கலம் தன் வேலைக்கு உதவும் வடிவிலே சேமித்துக்கொள்கின்றது. குளத்து நீரை அணை தேக்கி, மதகு வழியே வயலுக்கு விடுவதற்கு இதனை ஒப்பிடலாம். இருநைத்திரோபீனோல் அந்த அணையிலே ஓட்டை இடுகின்றது. நீர் வயலுக்குப் பாயாது வீணே ஓடுவது போலச் சக்தியெல்லாம் வெப்பமாக வெளியேற, இழப்பை ஈடுசெய்யக் கலங்கள் மேலும் மேலும் கொழுப்பை எரிக்கின்றன. நிறை குறைவது உண்மையே. ஆயின் அளவு சற்று மிஞ்சினால் உடல் உள்ளிருந்தே வெந்துபோகின்றது. இவ்வெப்பம் சாதாரண காய்ச்சல் அன்றாதலின் காய்ச்சல் மருந்துக்கு அடங்காது. இந்நஞ்சை முறிப்பதற்கெனத் தனி மருந்தும் இல்லை. இளம் பெண்கள் பலருக்குக் கண்புரையும் விழுந்தது.

இவ்வளவு நேர்ந்தும் அரசாங்கத்தால் விற்பனையை உடனே நிறுத்த முடியவில்லை. அந்நாட்டின் 1906ஆம் ஆண்டுச் சட்டம் கலப்படத்தையும் பொய்யான சுட்டுத்துண்டையும் தண்டித்ததேயன்றி, உள்ளதை உள்ளபடி எழுதி விற்கப்படும் ஆபத்தைத் தடுக்கவில்லை. 1938இல் புதிய சட்டம் வந்த பின்னரே அதற்கு முடிவு ஏற்பட்டது. முடிவு என்பதும் முழு உண்மையன்று. கணினி வழி வியாபாரத்தில் அத்தூள் மீண்டும் தலைகாட்டி உயிர்களைப் பலிகொண்டமையால், பிரித்தானியா 2023இல் அதனைக் கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சுகளின் வரிசையிலே சேர்த்தது.

இன்னொரு பொருள் பீனைல்புரோப்பனோலமின். தடிமனுக்கு மூக்கடைப்பு நீக்கும் மருந்தாக இருந்த இதுவே பசியை அடக்கும் குளிகையாகவும் அமெரிக்கக் கடைகளில் பல ஆண்டுகள் தாராளமாக விற்பனையாயிற்று. இரத்தக் குழாய்களைச் சுருக்குவது இதன் இயல்பு. அதனால் மூக்கடைப்பு நீங்கும், குருதியமுக்கமும் உயரும். யேல் சர்வகலாசாலையினர் மூளையில் இரத்தம் கசிந்த 702 நோயாளரை, அந்நோயில்லாத 1376 பேருடன் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பசியடக்கியாக இதனை உட்கொண்ட பெண்களிடத்து அவ்வகைப் பாரிசவாதத்தின் வாய்ப்பு ஏறத்தாழப் பதினாறு மடங்கு என 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இத்தொகையைக் கேட்டுப் பதறுவதற்கு முன் ஒன்றையும் கூறுதல் நியாயம். பசியடக்கியை உட்கொண்டிருந்தவர்கள் நோயாளருள் அறுவரும் மற்றவருள் ஒருவருமே. எனவே பதினாறு என்பது திட்டமான கணக்கன்று. ஆயினும், சில இறாத்தல் நிறைக்காக அத்தகைய ஐயத்தை ஏற்பது தகாது என்றே அதிகாரிகள் கருதினர். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அதனை விற்பனையினின்றும் நீக்குமாறு கேட்டுக்கொண்டது.

இரசாயனத்துக்கு அஞ்சுவோர் மூலிகையை நாடுவது இயல்பு. எபெட்ரா என்னும் சீன மூலிகையும் இதயத்தை விரைவுபடுத்துவதே. 2004இல் அமெரிக்கா அதனைத் தடைசெய்தது. நம்மவர்க்கு நன்கு தெரிந்த ஒன்று கார்சீனியா. மீன் கறிக்கு இடும் கொறுக்காப்புளியும், மலையாள நாட்டின் குடம்புளியும் இவ்வினத்தனவே. இதன் புளிப்பிலுள்ள ஐதரொட்சி சித்திரிக்கமிலம் கொழுப்பு உண்டாவதைத் தடுக்கும் என்று குளிகை வியாபாரிகள் கூறுவர். 1998இல் வெளியான ஓர் ஆய்வில் 135 பேர் பன்னிரண்டு கிழமை பரிசோதிக்கப்பட்டனர். அமிலத்தை உண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோகிராம் குறைந்தனர்; வெறுங் குளிகையை உண்டவர்களோ 4.1 கிலோகிராம் குறைந்தனர்! கறியில் இடும் இரண்டு சுளை ஒருவருக்கும் தீங்கு செய்ததில்லை. ஆனால் அதன் செறிந்த சாற்றை நாள்தோறும் விழுங்கியோர் சிலருக்கு ஈரல் பழுதுற்றதாக வைத்தியர்கள் பதிவு செய்துள்ளனர். பச்சைத் தேயிலைச் சாற்றுக் குளிகைக்கும் இதுவே பொருந்தும். கோப்பையிலே பருகும் தேநீர் வேறு.

சுட்டுத்துண்டில் எழுதப்படாத பொருளே யாவற்றினும் கொடிது. சிபுத்திரமின் என்னும் மருந்து, இதய நோயுடையோரில் மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் மிகுவிக்கின்றது என அறியப்பட்டு 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைவிடப்பட்டது. அதன் பின்னரும், "முற்றிலும் மூலிகை" என விற்கப்பட்ட குளிகைகளை ஆய்வுகூடங்கள் பகுத்தபோது அம்மருந்து மறைவாகக் கலந்திருப்பது மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டது. மூலிகைக் குளிகை வியக்கத்தக்க வேகத்தில் பசியைப் போக்குமாயின் அதுவே ஐயத்துக்கு இடமாகும்.

சீட்டின்றி விற்க முறையாக அனுமதி பெற்றதும் உண்டு. ஒர்லிஸ்ரற் 60 மில்லிகிராம் அமெரிக்காவில் 2007இலும் ஐரோப்பாவில் 2009இலும் அவ்வனுமதியைப் பெற்றது. இது பசியையோ இதயத்தையோ தொடுவதில்லை; குடலிலே கொழுப்பைச் சமிக்கச் செய்யும் நொதியத்தைத் தடுத்து, உண்ட கொழுப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைச் சமியாமலே வெளியேற்றுகின்றது. கொழுப்பு மிகுந்த உணவுடன் இதனை உட்கொள்பவர் எண்ணெய்ப் பேதிக்கு ஆளாவர். உணவுக் கட்டுப்பாட்டினால் ஐந்து இறாத்தல் குறைப்பவர் இதன் துணையால் மேலும் இரண்டு மூன்று இறாத்தல் குறைப்பார் என்பதே உற்பத்தியாளரின் உரிமைகோரலும். கொழுப்பிலே கரையும் ஏ, டீ, ஈ, கே விற்றமின்களும் உடன் கழிவதால், விற்றமின் குளிகையொன்றை இரவில் படுக்கைக்குச் செல்லும்போது தனியே உட்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வாபரின் உட்கொள்வோரும், தைரொயிட்டு மருந்து உட்கொள்வோரும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றுச் சைக்கிளோஸ்போரின் உட்கொள்வோரும் வைத்தியரைக் கேளாது இக்குளிகையை வாங்கலாகாது.