காட்டுக்கோழியைக் காண்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

கோழி என்றால் நமக்கு ஹாஸ்டல் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புதான் ஞாபகம் வரும். அந்தக் கோழிக்குக் காட்டிலே சொந்தக்காரர்கள் உண்டு. போன ஜனவரியில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் 12 பேர், வனத்துறை அனுமதியோடு முதுமலைக்குப் போனோம். 1940-இல் சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமான காடு அது. எல்லோரும் புலியைத் தேட, நான் தேடியது சாம்பல் காட்டுக்கோழியை.

ஏன் பனிக்காலம்?

மழை ஓய்ந்து இலை உதிரத் தொடங்குவதால் புதருக்குள் பார்வை போகும். இந்தக் கோழி பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை முட்டையிடும். அதற்கு முன்பே சேவல்கள் கூவ ஆரம்பித்துவிடும்.

முதலில் காது, அப்புறம் கண்

விடியற்காலையும் அந்தி நேரமும்தான் சரியான சமயம். நம்ம ஊர்ச் சேவல் மாதிரி இழுத்துக் கூவாது, "குக்... கயா கயா... குக்" என்று வெட்டி வெட்டிக் கூவும். கூவுமுன் சிறகடிக்கவும் செய்யாது. சத்தம் வந்த திசையில் பாதையோரத்தையும் மூங்கில் அடியையும் பாருங்கள். யானைச் சாணத்தைக் கிளறிப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும்.

சேவலின் கழுத்து இறகில் மெழுகுத் துளி சொட்டினாற்போல் புள்ளிகள் இருக்கும், கால் சிவப்பு. பெட்டைக்குக் கால் மஞ்சள், மார்பில் கறுப்பும் வெள்ளையும்.

இதைவிடச் சிறிதாக, கண்ணைச் சுற்றிச் சிவப்புத் தோலோடு ஓடி ஒளிந்தால் அது சுண்டங்கோழி. மசினகுடிப் பக்கம் வறண்ட முட்காட்டில் கௌதாரி கிடைக்கும். காடையோ, காலருகே போகும்வரை அசையாமல் இருந்துவிட்டு "விர்"ரென்று கூட்டமாக எழும்பும்.

கண்ணியா, நோட்டா?

எங்க அப்பா ஆடு மேய்ப்பவர். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் சத்தத்தை வைத்தே பறவையைச் சொல்லிடுவாரு. எனக்கு இந்த வித்தையில் முதல் வாத்தியார் அவர்தான். "அந்தக் காலத்துல கண்ணி வைக்கிறவனுக்குத்தான்டா பறவை தெரியும்" என்பார். கறிக்காகப் பிடித்தார்கள். அந்தப் புள்ளி இறகு மீன் தூண்டிலுக்கு அலங்காரமாக வெளிநாட்டுக்கும் போனது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது இதை வேட்டையாடுவது குற்றம்.

சட்டத்தை விடுங்கள், நண்பர்களே. இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத பறவை இது. நாட்டுக்கோழியின் முக்கிய மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனாலும் கோழிக்கால் மஞ்சளாக இருக்கிறதே, அந்த மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. இது அழிந்தால் நம் வீட்டு முற்றத்துக் கோழியின் வரலாற்றில் ஒரு பக்கம் கிழிந்துபோகும்.

கண்ணி ஒழிந்தது நல்லது. ஆனால் கண்ணியோடு சேர்ந்து காதறிவும் ஒழியணுமா? வேட்டைக்குப் பயன்பட்ட அதே அறிவு இன்றைக்குக் கணக்கெடுக்கவும் காப்பாற்றவும் வேண்டியிருக்கிறது. அது நூலகத்தில் மட்டும் இல்லை; நம் வீட்டுத் திண்ணையிலும் இருக்கிறது.

ஆகவே, பறவை பார்க்கப் போனால் மங்கலான சட்டை போடுங்கள், பேசாதீர்கள், கைபேசியில் கூவல் போட்டு ஏமாற்றி வரவழைக்காதீர்கள். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் பறவைச் சத்தங்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்களுக்கு எழுதத் தெரியாது. நமக்குத் தெரியும். அவர்கள் நம்மைப் படிக்க வைத்தது அதற்கும்தானே!