ஒரு வார்த்தை பாக்கி

1942 ஜனவரி, இரண்டாம் உலகப் போர்க்காலம். லண்டன் ஃப்ளீட் தெருவில் உள்ள டெய்லி டெலிகிராஃப் அலுவலகத்தில் சிலர் குனிந்தபடி குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார்கள். 12 நிமிடத்துக்குள் யாராவது முடித்துக் காட்டினால் தர்மத்துக்கு 100 பவுண்டு தருவதாக ஒருவர் விட்ட சவால் அது. மணி அடித்தபோது ஸ்டான்லி செட்ஜ்விக் என்ற எழுத்தருக்கு ஒரே ஒரு வார்த்தை பாக்கி.

சில வாரங்களில் ‘ரகசியம்’ என்று குறித்த கடிதம் ஒன்று அவர் வீடு தேடி வந்தது. நாட்டுக்கு முக்கியமான காரியமாம், நேரில் வரச் சொன்னார்கள். போனவர் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் சங்கேதங்களை உடைக்கும் வேலையில் சேர்ந்தார். தோற்ற போட்டிதான் தனக்கு நேர்முகத் தேர்வு என்பது புதிர் போட்டபோது அவருக்குத் தெரியாது!

ஊகித்து, பொருத்திப் பார்த்து, பொருந்தாவிட்டால் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் குறுக்கெழுத்து. சங்கேதம் உடைப்பவரின் பிழைப்பும் ஏறக்குறைய அதுதான். தேர்வு வேலையின் சாயலில் இருந்ததால் பலித்தது.

2004-ல் கலிஃபோர்னியாவின் 101-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு விளம்பரப் பலகை நின்றது. கணிதத்தின் ‘இ’ என்ற மாறிலியின் இலக்கங்களில் தொடர்ச்சியாக வரும் முதல் 10 இலக்கப் பகா எண் எது என்று கேட்டது. நிறுவனத்தின் பெயர் இல்லை. 7427466391 என்று கண்டுபிடித்தவர்கள் அந்த எண்ணையே இணைய முகவரியாகத் தட்ட, அடுத்த புதிர் வந்தது. அதையும் தாண்டியவர்களிடம் கூகுள் விண்ணப்பம் கேட்டது. விளம்பரமாக அது அபாரம். ஆனால் நேர்காணலில் கேட்ட மூளைக் கணக்குகள் வெறும் நேர விரயம் என்று 2013-ல் ஒப்புக்கொண்டவர் அதே கூகுளின் அன்றைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக். கேட்பவருக்குத்தான் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ள அவை உதவினவாம்.

வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வேறு வழிக்குப் போனது. வேலை கேட்டு வருபவருக்குச் சில வாரம் நிஜ வேலையே கொடுத்துப் பார்த்தது. எந்தப் பதவியானாலும் மணிக்கு 25 டாலர் சம்பளம். இப்போதுள்ள வேலையை விடவேண்டாம். இரவிலும் வார இறுதியிலும் செய்தால் போதும். ‘சும்மா ஒரு சாம்பிள் செய்து காட்டுங்களேன்’ என்று ஓசியில் வேலை வாங்கும் ஆட்களைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய மரியாதை. ஆனால் பகலெல்லாம் அலுவலகம், வீடு திரும்பினால் அடுப்படி, கைக்குழந்தை என்று இருப்பவர் அந்த இரவை எங்கிருந்து எடுப்பார்?