மகளுக்குக் கிண்டிய பிரசவ லேகியம் குப்பைத் தொட்டியில்!

மேல்சித்தாமூர்,–

இரண்டு நாள் அடுப்படியில் நின்று மகளுக்காகக் கிண்டிய லேகியம், சென்னை விமான நிலையத்தில் இரண்டே நிமிடத்தில் குப்பைத் தொட்டிக்குப் போனது. தாய் கண்ணீரோடு விமானம் ஏறினார்.

செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் நடந்த கதை இது. பார்சுவநாதர் கோவிலும் ஜினகாஞ்சி மடமும் உள்ள, தமிழ்ச் சமணர்களின் பேர்பெற்ற ஊர். அங்குள்ள 62 வயது அம்மாள் ஒருவரின் மகளுக்குச் சிங்கப்பூரில் குழந்தை பிறந்தது. சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லப்பாகு, வீட்டு நெய் எல்லாம் போட்டு லேகியம் கிண்டினார். (சமணர் வீட்டு லேகியத்தில் தேன் கிடையாது.) எவர்சில்வர் டப்பாவில் அடைத்தார். பெரிய பெட்டி தொலைந்தால் என்ன செய்வது என்று பயந்து, டப்பாவைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

விடியுமுன் வாடகைக் கார். திண்டிவனம் வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி மீனம்பாக்கம். கவுண்ட்டரில் பெரிய பெட்டியை எடை போட்டு அனுப்பியாகிவிட்டது. வந்தது சோதனை!

"சீட்டு இருக்கா?"

ஊர் திரும்பிய அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து நம்மிடம் சொன்னார்:

"பைய மிஷின்ல உட்டாங்க. டப்பாவத் தொறக்கச் சொன்னாங்க. இந்தியில ஏதோ கேட்டாரு. பக்கத்துல இருந்த பொண்ணு, 'பாட்டி, இது 100 மில்லிக்கு மேல இருக்கு, உள்ள உடமாட்டாங்க'ன்னிச்சு. 'இது தண்ணி இல்லம்மா, பிரசவ மருந்து'ன்னேன். 'டாக்டர் சீட்டு இருக்கா?'ன்னு கேட்டாங்க. லேகியத்துக்கு எந்த டாக்டரு சீட்டு குடுப்பாரு?"

நியாயமான கேள்விதான். ஆனால் சோதனைக்காரரையும் குறை சொல்ல முடியாது. குழைவாக, பசையாக இருக்கும் எதுவும் அங்கே திரவக் கணக்கு. தயிர், நெய், ஊறுகாய் எண்ணெய், பற்பசை எல்லாம் அதில் அடக்கம். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகும் டப்பா 100 மில்லிக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். பெரிய டப்பாவில் ஒரு கரண்டிதான் இருக்கிறது என்றாலும் செல்லாது.

வேதனை என்னவென்றால், அதே டப்பா பெரிய பெட்டிக்குள் இருந்திருந்தால் பேசாமல் சிங்கப்பூர் போயிருக்கும்! பெட்டியில் இடமும் இருந்தது. ஆனால் அது ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் பாஸ்போர்ட், விசா, எடை எல்லாம் சொன்னார். இதை மட்டும் சொல்லவில்லை.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு ரத்தக்கறை

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததல்ல. 1984 ஆகஸ்ட் 2ந் தேதி இரவு இதே மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து 33 பேர் மாண்டார்கள். கொழும்பு விமானத்துக்கென்று வந்த பெட்டிகளில் குண்டு இருந்தது. பெட்டிக்காரன் விமானத்தில் ஏறவில்லை. மறு ஆண்டு ஜூன் 23ந் தேதி ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' நடுவானில் சிதறி 329 பேர் பலி. அங்கேயும் ஆள் ஏறாத பெட்டிதான்! 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டது. 2000ம் ஆண்டு முதல் நம் விமான நிலையங்களின் காவல் மத்திய தொழில் பாதுகாப்புப் படை கைக்கு மாறத் தொடங்கியது.

லேகியத்துக்கு வினை வந்தது 2006 ஆகஸ்டில். குளிர்பான பாட்டிலில் திரவ வெடிமருந்து நிரப்பி விமானங்களைத் தகர்க்கத் திட்டமிட்டவர்கள் லண்டனில் பிடிபட்டார்கள். அதிலிருந்து உலகமெங்கும் பாட்டில் என்றாலே சந்தேகம்! புதுவகை ஸ்கேனர் வந்தபிறகு 2025ல் எடின்பர்க் போன்ற சில ஊர்களில் 2 லிட்டர் வரை விட ஆரம்பித்தார்கள்.

நம் ஊர்த் தேங்காயும் தப்பவில்லை. முழுத் தேங்காய் கைப்பையில் கூடாது. கொப்பரை எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் எந்தப் பெட்டியிலும் கூடாது. சபரிமலை பக்தர்கள் முறையிட்டதால், இருமுடித் தேங்காயை மட்டும் சோதனைக்குப் பின் கையோடு கொண்டுபோக 2024 அக்டோபரில் அனுமதி வந்தது. அதுவும் 2025 ஜனவரி 20 வரை என்று கெடு வைத்து! கேட்க ஆள் இருந்தால் வழி பிறக்கத்தான் செய்கிறது. பிரசவம் பார்க்கப் போகும் பாட்டிகளுக்குச் சங்கம் ஏது?

முந்தானையில் வடிகட்டி...

அன்று இன்னொரு சங்கடமும் நேர்ந்தது. அந்த அம்மாள் துணியில் வடிகட்டிக் காய்ச்சிய தண்ணீர்தான் குடிப்பார். பாட்டிலில் கொண்டுவந்ததைக் கீழே கொட்டச் சொல்லிவிட்டார்கள். காலி பாட்டிலை உள்ளே கொண்டுபோகலாம் என்று அந்தப் பெண்தான் சொல்லிக்கொடுத்தாள்.

"உள்ள குழாய் இருந்துது. முந்தானைய மடிச்சு வடிகட்டிப் புடிச்சேன். எல்லாரும் ஒரு மாதிரியாப் பாத்தாங்க. பாக்கட்டுமே!"

லேகியம் என்ன ஆயிற்று? சிங்கப்பூர் கடையில் சரக்கு வாங்கி மறுபடி கிண்டினாராம். "நெய்தான் நம்ம வீட்டு நெய் மாதிரி இல்ல" என்கிறார்.

சென்ற வாரம் அதே தெருவில் ஒரு பெண் மஸ்கட்டில் உள்ள கணவரிடம் கிளம்பினாள். பெட்டி கட்டும்போது கூடவே நின்றவர் இந்த அம்மாள்தான். ஊறுகாய் பாட்டில் மூடியை டேப்பால் சுற்றி, பாலிதீன் பையில் கட்டி, பழைய சேலையில் பொதிந்து பெரிய பெட்டிக்குள் வைத்தார். கைப்பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பாக்குவெட்டி!

"இத எங்கடி எடுத்துக்கினு போற? இதையும் பெரிய பெட்டியில போடு!"