திரும்புவேன் என்பதற்கு எது சான்று?

எல்லை கடக்கும் காகிதங்கள் - 6

டொராண்டோவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போக நினைக்கும் பெற்றோருக்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் ஆலோசனை, வங்கிக் கணக்கில் பணம் காட்ட வேண்டும் என்பதுதான். அது பாதி உண்மை. கனடாவின் குடிவரவு விதிமுறைகளில் 179-ஆம் விதி அதிகாரியிடம் கேட்கச் சொல்லும் முக்கியமான கேள்வி, அனுமதித்த காலம் முடிவதற்குள் இவர் நாட்டைவிட்டுக் கிளம்பிவிடுவாரா என்பது. பணம், அழைப்புக் கடிதம், வீட்டுப் பத்திரம் எல்லாம் அந்த ஒரு கேள்விக்கான விடையின் துண்டுகள். எந்தக் காகிதம் எதற்கு விடை என்று அறிந்து அடுக்குவதே விசாவுக்கான உண்மையான தயாரிப்பு.

பெரும்பாலான கனடா வருகையாளர் விசாக்களில் நேர்காணல் கிடையாது. கைரேகையும் புகைப்படமும் கொடுத்தபின் நமக்காகப் பேசுவது கோப்பு மட்டும்தான். அதனால் கோப்பில் எழும் சந்தேகத்தைக் கோப்பே தீர்க்க வேண்டும். கணக்கில் போன மாதம் திடீரென்று பெருந்தொகை ஏறியிருந்தால், எங்கிருந்து வந்தது என்று கேள்வி எழும். நிலம் விற்ற பணம் என்றால் கிரயப் பத்திரத்தின் நகலும் மொழிபெயர்ப்பும் உடன் இருக்க வேண்டும். மகளின் கடிதம் மூன்று மாதம் என்று சொல்ல, அலுவலக விடுப்பு ஒரு மாதத்துக்கே இருந்தால், இரண்டு காகிதமும் ஒன்றையொன்று பொய்யாக்கும். விடுப்புக் கடிதத்தில் பணிக்குத் திரும்பும் தேதி, ஓய்வு பெற்றவருக்கு ஓய்வூதிய ஆணை, ஊரில் அவரை நம்பியிருப்பவர்களின் விவரம் ஆகியவை, தடித்த வங்கி அறிக்கையைவிடத் தெளிவாகத் திரும்புதலைச் சொல்லும்.

முன்பு விசா மறுக்கப்பட்டதையோ, மகள் நிரந்தர வசிப்புரிமைக்கு ஸ்பான்சர் செய்திருப்பதையோ மறைத்தால்தான் வேலை நடக்கும் என்று சில ஏஜென்டுகள் சொல்வார்கள். சட்டம் அதற்கு நேரெதிர். பின்னாளில் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பது தற்காலிக வருகைக்குத் தடையல்ல என்று குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவு கூறுகிறது. காலம் முடிவதற்குள் கிளம்புவார் என்று அதிகாரி நம்பினால் போதும். முக்கியமான உண்மையை மறைத்ததாகத் தெரிந்தாலோ, 40-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் கதவு மூடும். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

சொத்தும் முன்பயணமும் இல்லாத இளைஞர் எவ்வளவு தயாரித்தாலும் என்ன பயன் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. இந்த ஏற்பாடு வசதியானவர்களுக்கே சாய்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், சுற்றுலா விசா கேட்பவரைக்கூட, அவர் மறுத்து நிரூபிக்கும்வரை, குடியேற வந்தவராகவே கருதுகிறது. ஆனால் கனடாவில் இந்தச் சாய்வை எதிர்க்கவும் கோப்புதான் ஆயுதம். அதிகாரியின் முடிவுக்குப் புரியக்கூடிய நியாயம் இருக்க வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2019-இல் வாவிலோவ் வழக்கில் வலியுறுத்தியது. சான்றுகளைக் கணக்கில் கொள்ளாத விசா மறுப்புகளைக் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. வெளிநாட்டில் எடுக்கப்பட்ட முடிவை எதிர்த்து அங்கே போக 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் நீதிபதி பார்ப்பது பொதுவாக அன்று அதிகாரியின் மேசையில் இருந்த காகிதங்களைத்தான். அன்று வைக்காத சான்று பிறகு வந்து பேசாது.

(தொடரும்)