மீன்முள் வாய்க்கால்

‘அலையாத்திக் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டினால் காடு அழியாதா?’ என்று மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முத்துப்பேட்டையில் காடு மீண்டதே வாய்க்காலால்தான்.

மூச்சுவேர், சுனாமித் தடுப்பு எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும், விட்டுவிடுவோம். அலையாத்தி மரமான வெண்கண்டலின் இலையைத் தடவிய விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் வழியே ஏறும் உப்பை இலைதான் வெளியே தள்ளுகிறது. அப்படிப்பட்ட மரத்துக்கும் ஓர் அளவு உண்டு.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இக்காடுகளைக் கூப்பு கூப்பாக, அதாவது பகுதி பகுதியாக, மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் ஈரம் வற்றி, மண் அமுங்கிப் பள்ளமானது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கியது. அடுப்பில் நான் மறந்துவிடும் ரசம்போல, சுண்டச் சுண்ட உப்பு ஏறியது. கண்டல் கன்றே கருகியது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் செய்த மருத்துவம் எளிது. உப்பங்கழியிலிருந்து ஒரு தாய் வாய்க்கால். அதன் இருபுறமும் மீன்முள்ளாய்ச் சாய்ந்து பிரியும் கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறும், இறங்கும். உப்பும் கழுவப்பட்டுப் போகும். கன்றை நடுவது கரையின் மேலும் அல்ல, அடியிலும் அல்ல, சரிவின் நடுவில். மேலே வைத்தால் காயும், கீழே வைத்தால் மூழ்கும். நாற்றங்கால் மேடுபள்ளம் பார்க்கும் டெல்டாக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முத்துப்பேட்டை மீனவர்களுக்கும் வாய்க்கால் புதிதல்ல. காயலிலிருந்து காட்டுச் சேற்றுக்குள் வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு வரும் இறாலையும் மீனையும் பிடிப்பது அவர்கள் பிழைப்பு. தீவனம் போடுவதில்லை, உதிரும் கண்டல் இலையே இறாலுக்கு அடிப்படைத் தீனி. இன்னொரு பக்கம், கரையோர நிலத்தை உவராக்கிய இறால் பண்ணைகள். காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. பாரம்பரிய முறைக்கு விலக்களித்தது. சரியான பாகுபாடு.

வாய்க்கால் மட்டும் போதாது; கோரையாறும் பாமணியாறும் கொண்டுவரும் நன்னீர் கலந்தால்தான் முத்துப்பேட்டைக் காயல் காயலாக இருக்கும். அதைத்தான் ‘வீணாகக் கடலுக்குப் போகுது’ என்கிறோம். வயலில் அளவில்லாமல் அடிக்கும் பூச்சிமருந்தும் அதே வடிகாலில்தான் இறங்குகிறது. மீன்முள் வாய்க்காலும் வண்டல் படிந்து மேடாகும். வெட்டிய கணக்கை எழுதி மூடிவிட்டால் போதாது, தூர்வாரும் செலவையும் எழுத வேண்டும். ஏரி, கண்மாய்க்கே அதை மறக்கிறவர்கள் நாம்.